உங்கள் இடத்துக்கு ஒருவர் வருகிறார், அக்கா

அக்கா,

கெம்பஸில் நம் அறை அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்ததும் பனங்கட்டி வாசம் குப்பென்று அடித்தது. உங்கள் சாமான் எல்லாவற்றையும் உங்கள் தங்கச்சி வந்து எடுத்துக்கொண்டு போய் எத்தனையோ மாதமாகிவிட்டது. தட்டில் ஒன்றுமில்லை, பழைய பேப்பர் விரித்திருக்கிறது, அவ்வளவுதான். வாசம் மட்டும் போகவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல், பனையோலைக் குட்டானில் இருந்து ஒரு துண்டு உடைத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குடிப்பீர்களே, அந்த வாசம். துடைக்கத் துணியோடு வந்தவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பார்த்திருந்தால், "ஏன் நிலத்தில இருக்கிறீர், கதிரை இல்லையோ?" என்று கேட்டிருப்பீர்கள்.

தட்டை ஏன் துடைக்கிறேன் என்றால், திங்கட்கிழமை உங்கள் இடத்துக்கு ஒருவர் வருகிறார். அதற்காகச் சண்டை பிடித்தவள் நான்தான். நீங்கள் கதை பாதியில் இருக்கும்போதே எழும்பிப் போய்விட்டீர்கள். மிச்சத்தை யாராவது உங்களுக்குச் சொல்லவேண்டாமா? எனக்கோ உங்களிடம் சொல்லாத எதுவும் முடிந்த கணக்கில் சேராது. அந்தப் பழக்கத்தை நீங்கள்தான் பிடிக்க வைத்தீர்கள், இனி அனுபவியுங்கள்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் இந்தக் கெம்பஸுக்கு வந்தோம். பேராதனைக்குப் போகிற பாதையில், மேட்டில், ஒரு பழைய வீட்டையும் அதற்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மாடியையும் சேர்த்துக் கெம்பஸ் என்று போர்டு போட்டிருந்தார்கள். பட்டம் தருவது இங்கிலாந்தில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகம், மழையில் நனைந்து படிப்பிப்பது நாம். நமக்குக் கிடைத்தது பழைய வீட்டின் களஞ்சிய அறை. நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நீர் எவடம்?" எனக்குச் சுரீர் என்றது. கம்பளையில் யாரையும் 'நீர்' என்று கூப்பிட மாட்டோம். நாடகத்தில் ராசா வேடம் போட்டவர்தான் அப்படிப் பேசுவார். இந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு எவ்வளவு வாய் என்று முறைத்துக்கொண்டு, "கம்பளைங்க" என்றேன். அது மரியாதையும் பிரியமும் கலந்த சொல் என்று எனக்கு விளங்க ஒரு மாதம் போனது. அதற்குள் நீங்கள் என் ரொட்டியையும் கட்டசம்பலையும் பாதிக்கு மேல் தின்று முடித்திருந்தீர்கள். உங்கள் புட்டை நான் தின்றேன் என்று மாற்றிச் சொல்வீர்கள், எனக்குத் தெரியும்.

நமக்குக் கொடுத்த வேலை ஆயத்த வகுப்பு. யாருக்கும் வேண்டாத வகுப்பு. தமிழ் மொழியில் உயர்தரம் வரை படித்துவிட்டு, இங்கே வந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கவேண்டிய பிள்ளைகளுக்கு முதல் வருடம் கணிதமும் புள்ளிவிபரமும் சொல்லிக்கொடுக்கவேண்டும். கலஹாவில் இருந்து, நாவலப்பிட்டியில் இருந்து, கம்பளையில் இருந்து பஸ் மாறி வருகிற பிள்ளைகள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் வாய் திறக்காது. பலகையில் நான் என்ன எழுதினாலும் தலையை ஆட்டும். சோதனை வைத்தால் வெள்ளைத் தாள் வரும்.

"விளங்கினமாதிரித் தலையாட்டிறது ஒரு வருத்தம். மருந்து குடுக்கவேணும்" என்றீர்கள். காய்ச்சல், தடிமன் மாதிரி நீங்கள் அதையும் ஒரு வருத்தம் என்றுதான் சொன்னீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் நான் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது பின் கதவால் வந்து, கடைசி வாங்கில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நான் நியம விலகல் காணும் சூத்திரத்தை எழுதி முடித்ததும் கையைத் தூக்கினீர்கள்.

"மிஸ், எனக்கு விளங்கேல்லை. சராசரியில இருந்து ஏன் கழிக்கிறியள்? கழிச்சு என்ன காணப்போறியள்?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஆத்திரம். என்னடா இது, நான் பாடம் நடத்தும்போது கேலி பண்ணுகிறாரே என்று நினைத்துக்கொண்டே பதில் சொன்னேன். நீங்கள் விடவில்லை. இன்னொன்று கேட்டீர்கள், அதைவிட மோசமாக. அப்போதுதான் பார்த்தேன், முன் வரிசைப் பிள்ளைகள் பேனையைக் கையில் எடுத்து எழுதத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை எல்லாம் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு அதுவே நம் வழக்கமாகிவிட்டது. ஒரு கிழமை நான் பலகையில், நீங்கள் பின்னால். அடுத்த கிழமை மாற்றம். பின்னால் இருப்பவர் வெட்கம் மானம் பார்க்காமல் கேட்கவேண்டும், தமிழில் கேட்கவேண்டும். பலகையில் நிற்பவர் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு இரண்டு மொழியிலும் பதில் சொல்லவேண்டும். எனக்கு அது சரியாக வரவில்லை. நான் கேட்கிற கேள்வியில் பாதிப் பதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வெளியே வந்ததும் திட்டுவீர்கள், "உமக்கு மடைச்சியா இருக்கத் தெரியேல்லை. படிச்ச கொழுப்பு எட்டிப் பார்க்குது." ஆனால் நீங்கள் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வராது. நாவலப்பிட்டிப் பிள்ளை ஒருத்தி, நீங்கள் பலகையில் நின்றதையும் மறந்து, உங்களைப் பார்த்து உண்மையாகவே இரக்கப்பட்டு, கன்டீனில் தன் கொப்பியோடு வந்து உட்கார்ந்து, "மிஸ், கவலப்படாதீங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றாளே. நீங்களும் தேத்தண்ணி ஆறும்வரை வாயைப் பொத்திக்கொண்டு பாடம் கேட்டீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கை கழுவப் போய்விட்டேன். சொல்லிக் கொடுத்ததில் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெளிந்து, அந்தத் தவணை முதலாவதாக வந்தாள்.

பிள்ளைகள் ஏமாந்தது போகட்டும். பெரியவர்களும் ஏமாந்தார்களே, அதுதான் வினை.

தரம் பார்க்க வெளியில் இருந்து ஒருவர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டியவர், மெல்லப் பேசுகிறவர், நல்ல மனிதர்தான். முன்னறிவித்தல் இல்லாமல் வகுப்புக்குள் வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அது நீங்கள் பின் வாங்கில் இருந்த கிழமை. அவரைக் கண்டாவது நிறுத்துவீர்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். ஓகோ, நீங்கள் நிறுத்துகிற ஆளா? கையைத் தூக்கி, வரைபில் கீழே போகிற கோடு ஏன் கீழே போகிறது என்று கேட்டீர்கள். நேர அட்டவணையில் நம் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு வந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு பார்த்தால் அவர் கொடுத்த அறிக்கையில், இந்த வகுப்பில் ஒரு விரிவுரையாளருக்குப் பாட அறிவு போதாது, பயிற்சி தேவை என்று இருந்ததாம். நான் கொதித்துப்போனேன். போய் விளக்கிச் சொல்லுங்கள் என்று உங்களைத் துரத்தினேன். நீங்களோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "என்ர நடிப்பு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றீர்கள். உங்களுக்கு எல்லாம் விளையாட்டு.

அது விளையாட்டாகவே முடிந்திருக்கும், இங்கிலாந்தில் இருந்து அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால். அங்கே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருப்பதற்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரியைக் கூட்டிவிட்டார்களாம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் வரத்தும் குறைந்துவிட்டதாம். தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே பாடப்பிரிவுகளை மூடி, பேராசிரியர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். இங்கே மட்டும் சும்மா விடுவார்களா? இங்கேயும் வரி, மின்சாரக் கட்டணம், ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டுவது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு ஆள் என்று முடிவாகிவிட்டது. நேர அட்டவணையில் ஒரே மணித்தியாலத்துக்கு நேரே இரண்டு பெயர் இருந்தது நம் வகுப்பு ஒன்றில்தான். நாம்தான் நேர்மையாக இரண்டு பெயரையும் போட்டிருந்தோமே. இரண்டில் எந்தப் பெயரை வெட்டுவது என்று பார்க்க அந்த அறிக்கையும் தயாராக இருந்தது.

கூட்டத்துக்கு எல்லோரையும் மாடி மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். திரையில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் தெரிந்தார். நம் கெம்பஸின் பணிப்பாளர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பாவம், அந்த மனிதருக்கும் அது பிடித்த வேலையில்லை. படம் படமாகப் போட்டுக் காட்டினார்கள். நூலகத்தில் வேலை செய்கிறவர்கள், கணக்குப் பகுதி, ஆய்வுகூடம், எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கடைசிக் கதிரை வரிசையில் இருந்து ஒரு கை எழும்பியது.

"மன்னிக்கவேணும், எனக்கு விளங்கேல்லை."

ஆங்கிலத்தில் நாலு பேருக்குப் பாடம் எடுக்கக்கூடிய மனுசி தமிழில் தொடங்குகிறார். தொடங்கிவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். "நீர் சொல்லும் அவைக்கு" என்கிறீர்கள், வகுப்பில் சொல்வது போலவே. நான் எழும்பினேன். வேறு வழி இருந்ததா? மொழிபெயர்த்தேன்.

"முதலாளி கட்டுற வரி கூடினது அங்க. அந்த வரி இஞ்ச இல்லை. பிறகேன் இஞ்ச ஆள் குறையுது?"

பொதுச் செலவில் எல்லாக் கிளைகளுக்கும் பங்கு உண்டு என்று திரை சொன்னது. நீங்கள் தலையாட்டவில்லை. அடுத்ததைக் கேட்டீர்கள். ரெண்டு பேர் செய்கிற வேலையில் ஒராளை எடுத்தால், அவர் செய்த பாதியை ஆர் செய்யினம்? வினைத்திறனாகச் செய்யப்படும் என்று பதில் வந்தது. "அது விளங்குது. ஆர் எண்டு கேட்டனான்" என்றீர்கள். நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், குரல் கொஞ்சம் உரத்து. திரையில் இருந்தவர் முன்னால் கிடந்த தாளைப் புரட்டினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நூலகத்துப் பெண் சிங்களத்தில் ஒன்று கேட்டாள். கணக்குப் பகுதியில் ஒருவர் கேட்டார். சட்டென்று முடியவேண்டிய கூட்டம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போனது. முடிவில், ஆயத்த வகுப்பை ஒரு வருடத்துக்கு இப்படியே விட்டுப் பார்ப்போம் என்று பணிப்பாளர் எழுந்து சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கோடி புண்ணியம் என்று நினைத்தேன். படியால் இறங்கும்போது, "நல்லா மொழிபெயர்த்தீர்" என்று என் தோளில் தட்டினீர்கள். என் வாழ்க்கையில் அப்படிப் பெருமைப்பட்ட நாள் வேறில்லை, அக்கா. கலியாணத்தன்றுகூட இல்லை. இவர் இதை வாசிக்கக் கூடாது.

அந்த ஒரு வருடம் முடிய நீங்கள் இருக்கவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறையில் நெஞ்சு நோகிறது என்று சொன்னீர்களாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டதாம். முதல் நாள்கூட என்னோடு தொலைபேசியில் கதைத்தீர்கள், வினாத்தாளில் ஐந்தாம் கேள்வி கஷ்டம், அதை மாற்றும் என்றீர்கள். நான் மாற்றமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். உங்களை ஊருக்குக் கொண்டு போன வேனுக்குப் பின்னால் நாங்களும் வந்தோம். உங்கள் வீட்டு முற்றத்து வெயிலில் நான் தலை சுற்றி உட்கார்ந்தபோது, உங்கள் சித்தி ஒருவர் தண்ணீர் கொடுத்து, "நீங்களோ கம்பளைப் பிள்ளை? உங்களைப் பற்றித்தான் எப்பவும் கதை" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

திரும்பி வந்த கிழமை பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். தேத்தண்ணி தந்தார். உண்மையான துக்கத்தோடுதான் பேசினார், அதில் குறை சொல்லமாட்டேன். உங்களைப் போல ஒருவர் கிடைக்கமாட்டார் என்றார். பிறகு, இனி எனக்கு வேலையைப் பற்றிப் பயம் வேண்டாம் என்றார். ஒரு ஆளைக் குறைக்கவேண்டி இருந்தது, யாரையும் அனுப்பாமலே அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை என்றார். கணக்குப் பகுதிப் பிள்ளை வெளியே என்னைக் கண்டு, "நல்ல வேளை மிஸ், நீங்க தப்பிட்டீங்க" என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். செத்தும் எனக்கு வேலை வாங்கித் தந்திருக்கிறீர்கள். யார் கேட்டது உங்களிடம்?

தனியாகப் படிப்பித்தேன். பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் எல்லாத் தலையும் ஆடுகிறது. "யாருக்காவது வெளங்கலயா?" என்று நானே கேட்டுப் பார்த்தேன், அதற்கும் ஆடுகிறது. நானே கேட்டு நானே பதில் சொல்லிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி இருந்தது. தவணை முடிவில் தாள்களைத் திருத்தும்போது கை ஓடவில்லை. பாதித் தாள் வெள்ளை.

அதில் ஒன்று கலஹாவில் இருந்து வருகிற பிள்ளையுடையது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை, வீட்டில் முதன்முதலாக இவ்வளவு தூரம் படிக்க வந்தவள். அறைக்கு வந்து, நின்றபடியே, "மிஸ், நான் படிப்ப நிப்பாட்டப் போறேன். எனக்கு இது சரிவராது" என்றாள். ஏன்மா, விளங்கவில்லை என்றால் கேட்டிருக்கலாமே என்றேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"வெளங்கலன்னு வேற யாரும் சொல்லல மிஸ். அதனால நானும் சொல்லல."

அவளை உட்காரச் சொல்லிவிட்டு நேரே பணிப்பாளரிடம் போனேன். கதவைத் தட்டினேனா என்பதுகூட ஞாபகமில்லை. அவர் அந்தத் தவணையைக் கணக்கில் எடுத்துத்தான் மேலே எழுதத் தயாராக இருந்தார், ஒரு ஆளோடு வகுப்பு நடக்கிறது என்று. நடக்கவில்லை என்று சொன்னேன். வெள்ளைத் தாள்களை மேசையில் வைத்தேன். இதைக் காட்டினால் என்னைத்தான் சரியில்லை என்பார்கள், என் வேலையும் போகலாம் என்று அவரே எச்சரித்தார். போனால் போகட்டும் என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, வீட்டுக்கடனும் மகனின் பாடசாலையும் கண்ணுக்கு முன்னால் நின்றன. அவர் மறுபடியும் ஆரம்பித்தார், யாரையும் நோகடிக்காமல் அந்த இடம் காலியானதே என்று. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சிங்களத்தில்தான் சொன்னேன், தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"அவங்க செத்தது உங்க செலவக் குறைக்கிறதுக்காக இல்ல, சேர்."

அவர் எழும்பி ஜன்னல் பக்கம் போய்விட்டார். போங்கள், பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். என்னைத் துரத்தப் போகிறார்கள் என்றே நினைத்தேன். சில கிழமை கழித்து, ஆயத்த வகுப்புக்கு இன்னொருவரை எடுக்க அனுமதி வந்திருப்பதாகச் சொன்னார். நிரந்தரம் இல்லை, ஒரு வருட ஒப்பந்தம். அந்த ஒரு வருடத்தில் பிள்ளைகள் தேறினால் பிறகு பார்க்கலாம். அதுவரை எப்படியோ பிடித்து வைத்திருந்த கலஹாப் பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். போகாதே, அடுத்த தவணை வரை பொறு என்றேன். சரி மிஸ் என்றாள். அவள் தலையாட்டியதை நான் நம்பவில்லை, பஸ்ஸில் ஏறும்வரை கூடவே போய் மறுபடியும் சொல்லிவிட்டு வந்தேன்.

வருகிறவளை நேர்முகத்தில் நான்தான் தெரிவு செய்தேன். சின்னப் பெண், மாத்தளைப் பக்கம், நன்றாகப் படித்திருக்கிறாள், கலகலவென்று பேசுகிறாள். பின் வாங்கில் உட்கார்ந்து மடைச்சி வேடம் போடவேண்டும் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் முதலில் எல்லாவற்றையும் நன்றாகத் தெரிந்துகொள்ளவேண்டுமே மிஸ் என்றாள். உங்களுக்கு அவளைப் பிடித்திருக்கும்.

இந்த இடத்தை நிரப்பச் சொல்லி அவ்வளவு கத்தியவள் நான். நிரப்புகிறோம் என்று சொன்ன நாளில் இருந்து இரவில் எனக்கு நித்திரை சரியாக வருவதில்லை. அவள் வந்து, உங்கள் கதிரையில் உட்கார்ந்து, ஐந்தாம் கேள்வி கஷ்டம் என்று சொன்னால் நான் எப்படித் தாங்கப் போகிறேன் என்று தெரியவில்லை. அவளோடு சிடுசிடுக்கக் கூடாது, எதற்கெடுத்தாலும் அக்கா இப்படிச் செய்யமாட்டார் என்று சொல்லக் கூடாது என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. அவள் நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.